ஒரே ஒரு வழி: ஹார்ட்லி சுரங்கத்தின் கதை

தன்பாத்துக்கு மாற்றலாகி வந்து பல வருடமாகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "நிலக்கரி ஊராச்சே, தோய்ச்சுப் போட்ட துணியெல்லாம் கறுப்பாயிடுமே?" என்று கேட்காமல் இருப்பதில்லை. ஆலப்புழை எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்து இங்கே வந்து இறங்கினால், காலுக்குக் கீழே எல்லாம் சுரங்கம்தான். ஆனாலும் வங்கி வேலையில் இருக்கிற எனக்குச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கும் வாய்ப்பு ரொம்ப நாள் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள், பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த பெங்காலி நண்பர் ஏற்பாடு செய்தார். சுரங்க அதிகாரி. தலையில் ஹெல்மெட், இடுப்பில் பாட்டரி, அதிலிருந்து ஒயர் போய் நெற்றியில் விளக்கு. இந்தப் பக்கத்தில் 'சானக்' என்று சொல்கிற செங்குத்தான குழியில், இரும்புக் கூண்டுக்குள் நின்றுகொண்டு இறங்கினோம். வயிறு மேலேயே தங்கிவிட்டது மாதிரி இருந்தது.

கீழே போனதும் நிலக்கரியைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் காட்டியது சுவரில் இருந்த ஒரு பலகையும் அம்புக்குறியும். "நாம் வந்த வழி இது. இது அடைபட்டால் வெளியே போகிற வழி அது. ரெண்டையும் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது சார்" என்றார் இந்தியில்.

"நல்ல விதியா இருக்கே, யார் கொண்டு வந்தது?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ஹார்ட்லி" என்றார்.

யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் அது ஆள் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் என்று தெரிந்தது. அதன் பிறகு பல நாள் அந்த ஊரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான கதை. காபி கையில் இருந்தால் நல்லது.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் நார்தம்பர்லாந்து என்று ஒரு மாவட்டம். நியூகாஸில் நகரத்துக்கு வடகிழக்கே, வடகடலை ஒட்டிய பகுதியில் இருக்கிறது ஹார்ட்லி. அந்தப் பக்கத்தில் நூற்றாண்டுகளாக நிலக்கரி தோண்டிக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே சீட்டன் ஸ்லூயிஸ் என்று ஒரு சின்னத் துறைமுகம், அதற்காகவே கட்டியது.

கடலோரச் சுரங்கத்துக்கு ஒரே எதிரி தண்ணீர். ஹார்ட்லியின் பழைய சுரங்கம் 1844இல் தண்ணீர் புகுந்து மூழ்கிப்போனது. சும்மா விட்டுவிடுவார்களா? கொஞ்சம் உள்ளே தள்ளி 1845இல் புதுசாக ஒரு குழி தோண்ட ஆரம்பித்து, அடுத்த வருடமே நிலக்கரியைத் தொட்டுவிட்டார்கள். அந்தக் குழிக்கு 'ஹெஸ்டர் பிட்' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுற்றி வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் எழும்பின. அந்தக் குடியிருப்புதான் நியூ ஹார்ட்லி.

குழியின் அகலம் சுமார் 12 அடி. நம் ஊர்த் தோட்டத்துக் கிணறுகளில் பாதிக்கு மேல் இதைவிட அகலம். ஆழம் மட்டும் 600 அடி. கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போவது மாதிரி, அடியில் வெவ்வேறு ஆழத்தில் இருந்த நிலக்கரி அடுக்குகளில் வேலை நடந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த ஒரே குழிதான் எல்லாவற்றுக்கும். ஆட்கள் இறங்குவது, ஏறுவது, நிலக்கரி மேலே வருவது, தண்ணீரை இறைப்பது எல்லாம் அதிலேதான். காற்றுகூட அதே குழி வழியாகத்தான் போய் வர வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். குழிக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை மரப்பலகையால் ஒரு தடுப்பு. அடியில் எப்போதும் ஒரு உலை எரிந்துகொண்டிருக்கும். சூடான காற்று ஒரு பாதி வழியாக மேலே போகும், நல்ல காற்று மறுபாதி வழியாகக் கீழே இறங்கும். இருநூறு பேருடைய மூச்சு அந்தப் பலகையை நம்பி இருந்தது.

தண்ணீர் இறைக்க மேலே ஒரு பெரிய நீராவி எஞ்சின். இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்கி நிற்கும் ஒரு நீண்ட உத்தரம். ஒரு முனை கீழே போனால் மறுமுனை மேலே வரும். ஏற்றத்தில் ஆள் மிதிக்கிற இடத்தில் இங்கே நீராவி. சால் தொங்குகிற இடத்தில் குழிக்குள் இறங்கும் பம்புக் கம்பிகள். நம் ஏற்றம் மரம். ஹார்ட்லியில் இருந்தது வார்ப்பிரும்பு, நாற்பது டன்னுக்கு மேல் எடை. அதில் பாதி எஞ்சின் கட்டடத்துக்குள்ளே இருந்தது. மறுபாதி குழியின் வாய்க்கு நேர் மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

வார்ப்பிரும்புக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். வளைத்து இழுத்தால் தாங்காது. வளையாமல் சட்டென்று முறிந்துவிடும், முன்கூட்டி எச்சரிக்கையும் தராது. இரவு பகலாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது அந்த உத்தரம்.

1862 ஜனவரி 16, வியாழக்கிழமை. காலை பத்தரை மணி சுமாருக்கு ஷிப்ட் மாறும் நேரம். காலையில் இறங்கியவர்கள் வேலை முடிந்து மேலே வர வேண்டும். அடுத்த ஷிப்ட்காரர்கள் இறங்கிவிட்டார்கள். அதாவது சாதாரணமாக இருப்பதைவிட அப்போது கீழே ஆட்கள் அதிகம். எட்டுப் பேர் கூண்டில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் உத்தரம் நடுவில் முறிந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி, இருபது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு, நேராகக் குழிக்குள் விழுந்தது. போகிற வழியில் மரத்தடுப்பு, பம்புக் குழாய்கள், பக்கச் சுவர்களைத் தாங்கிய கட்டைகள் எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு போய், கூண்டையும் நொறுக்கி, நடுவில் சிக்கி நின்றது. அதன் மேல் மரமும் கல்லும் மண்ணும் சரிந்து குழியை அடைத்துவிட்டன. கூண்டில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். மீதி மூன்று பேரை மறுநாள் உயிரோடு மீட்டார்கள்.

அடைப்புக்குக் கீழே 199 பேர். அவர்களுக்கு அந்த விபத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. வெளியே வர வழி மட்டும் இல்லை.

மீட்பு வேலை உடனே ஆரம்பித்தது. குழி தோண்டுவதையே தொழிலாகக் கொண்ட வில்லியம் கௌல்சன் என்கிற அனுபவசாலி தலைமையில் ஆட்கள் இறங்கினார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டே வேலை. அந்த 12 அடி வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் சில பேர்தான் வேலை செய்ய முடியும். ஒரு கட்டையை எடுத்தால் பக்கச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் சரியும். முதல் நாட்களில் கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. அகப்பட்டுக்கொண்டவர்கள் 'உயிரோடு இருக்கிறோம்' என்று தெரிவிக்கச் சுரங்கத்தொழிலாளர்கள் தட்டுகிற தட்டு அது. மேலே ஜனவரிக் குளிரில் பெண்கள் குழியின் வாயைச் சுற்றி நின்றுகொண்டே இருந்தார்கள். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ராணி விக்டோரியாவும் தந்தி மூலம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஆல்பர்ட் இறந்து அப்போது ஐந்து வாரம்கூட ஆகவில்லை. தன் துக்கமே இந்தப் பெண்களின் துக்கத்தை இன்னும் அதிகமாக உணரவைக்கிறது என்று அவரிடமிருந்து பின்னர் செய்தி வந்தது.

தட்டும் சத்தம் பிறகு நின்றுபோனது. அடைப்பின் வழியே விஷவாயு மேலே வர ஆரம்பித்ததில் மீட்பவர்களே மயங்கி விழுந்தார்கள். ஜனவரி 22, புதன்கிழமை ஒரு வழியாக இடைவெளி உண்டாக்கி உள்ளே நுழைந்தார்கள். யாரும் உயிரோடு இல்லை.

கொன்றது பசியோ தண்ணீரோ இல்லை. பம்பு நின்றதும் அடியில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததால், கீழ் அடுக்கில் இருந்தவர்கள் உள்ளேயே இருந்த ஒரு சின்னக் குழியின் வழியாக மேல் அடுக்குக்கு ஏறி வந்து, குழியின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மரத்தடுப்பு உடைந்ததால் காற்றோட்டம் நின்றுவிட்டது. காற்று வராத இடத்தில் நெருப்பு புகைந்து உண்டான கார்பன் மோனாக்சைடு மெல்லப் பரவியது. வாசனை இல்லாத வாயு. தூக்கம் மாதிரிதான் வரும். ஒரு மேற்பார்வையாளரின் குறிப்புப் புத்தகத்தில், வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லோரும் கூடிப் பிரார்த்தனை செய்ததாக எழுதியிருந்தது. அதாவது விபத்து நடந்து ஒரு நாளுக்கு மேல் அவர்கள் உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

உள்ளே போனவர்கள் பார்த்து வந்து சொன்னதைப் படித்தபோது என்னால் அதற்கு மேல் தொடர முடியவில்லை. வரிசையாகத் தூங்குவது போல உட்கார்ந்திருந்தார்களாம். சின்னப் பையன்கள் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தார்களாம். அண்ணன் தம்பிகள் கைகோத்துக் கிடந்தார்களாம்.

சின்னப் பையன்கள் எப்படி அங்கே என்று கேட்பீர்கள். 1842இல் வந்த சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு அனுப்பக் கூடாது என்றது. அந்தச் சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு சாவு இருந்தது. 1838இல் யார்க்ஷயரில் ஹஸ்கர் என்ற சுரங்கத்தில் மழைவெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் இறந்தார்கள், அதில் பெண் குழந்தைகளும் உண்டு. 1860இல் வந்த இன்னொரு சட்டம் வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தால் பத்து வயதிலேயே போகலாம் என்று ஒரு சந்து வைத்தது. நாமெல்லாம் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அங்கே படிக்கத் தெரிந்த பையன் இரண்டு வருடம் முன்னதாகவே சுரங்கத்துக்குள் போனான்.

மொத்தம் 204 பேர். கிட்டத்தட்ட அந்த ஊரின் ஆண்கள் எல்லோரும். சில வீடுகளில் அப்பா, பிள்ளைகள், உடன் தங்கியிருந்தவர் என்று ஒருத்தர் மிச்சமில்லை. ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை எர்ஸ்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. இருந்த இடம் போதாமல் பக்கத்து நிலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இறந்தவர்களின் பெயர்களும் வயதும் செதுக்கிய ஒரு கல்தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

பிப்ரவரியில் நடந்த விசாரணையில் ஜூரிகள் இது விபத்து என்று தீர்ப்புச் சொன்னார்கள். யாரையும் தண்டிக்கவில்லை. ஆனால் இரண்டு பரிந்துரைகள் சேர்த்தார்கள். ஒன்று, எஞ்சின் உத்தரங்களை வார்ப்பிரும்புக்குப் பதில் முறியாமல் வளைந்து கொடுக்கும் தேனிரும்பில் செய்ய வேண்டும். இரண்டு, வேலை நடக்கும் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி என்பது அப்போது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அதே வட்டாரத்தில் ஃபெல்லிங் என்ற சுரங்கத்துக்கு 1812லேயே இரண்டு குழிகள் இருந்தன. (அந்த வருடம் அங்கே நடந்த வெடிவிபத்தில் 92 பேர் இறந்த பிறகுதான் டேவி பாதுகாப்பு விளக்கு வந்தது.) ஹார்ட்லியில் ஏன் ஒன்றே ஒன்று? செலவு. தண்ணீர் பாய்கிற பாறைக்குள் 600 அடி தோண்டுவது பெரிய செலவு. ஒரு குழியிலேயே மரத்தடுப்பு வைத்து ஒப்பேற்ற முடியும் என்றால் இரண்டாவது எதற்கு? சட்டமும் கேட்கவில்லை. இதுபோல ஒற்றைக்குழிச் சுரங்கங்கள் அந்தப் பகுதியில் இன்னும் நிறைய இருந்தன. அங்கே இறங்கியவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் இறங்கினார்கள். வேறு வேலை, வேறு வீடு இருந்தால்தானே? வீடே சுரங்க முதலாளி கொடுத்தது.

நான் வங்கிக்காரன். கடன் கேட்டு வருகிற தொழிற்சாலைகளின் திட்ட அறிக்கைகளைப் படிப்பது என் வேலை. 'தவிர்க்கக்கூடிய செலவு' என்று பென்சிலால் சுழித்திருக்கிறேன். ஹார்ட்லியின் இரண்டாவது குழி என் மேஜைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வருமானம் தராது, நிலக்கரி கூடுதலாக வராது, பத்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகலாம். நானும் சுழித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் இதை முதலாளியின் மனசுக்கும் வங்கிக்காரனின் பென்சிலுக்கும் விடாமல் சட்டமாக வைக்க வேண்டியிருக்கிறது.

அதிசயமாக, அந்தத் தடவை பாராளுமன்றம் வேகமாக நடந்தது. 1862 ஆகஸ்ட் 7, விபத்து நடந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, சட்டம் வந்துவிட்டது. ஒரே குழியோடு புதுச் சுரங்கம் தொடங்கக் கூடாது. பழைய சுரங்கங்களுக்கு 1864 முடியும்வரை கெடு. இரண்டு குழிக்கும் நடுவே குறைந்தது பத்தடி அகலத்துக்கு இயற்கையான பாறை இருக்க வேண்டும். மரப்பலகையால் ஒன்றை இரண்டாக்கி ஏமாற்ற முடியாதபடி அந்தப் பத்தடி.

ஜனங்கள் கொடுத்த நிவாரண நிதி 80,000 பவுண்டைத் தாண்டியது. ஹார்ட்லிக்கு மட்டும் இவ்வளவு வந்ததே, தினம் ஒருத்தர் இரண்டு பேராகச் செத்துக்கொண்டிருப்பவர்களின் குடும்பத்துக்கு யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி தொழிலாளர்களிடம் எழுந்தது. அதே 1862இல் நார்தம்பர்லாந்து, டர்ஹம் மாவட்டச் சுரங்கத்தொழிலாளர்கள் சேர்ந்து தங்கள் கூலியிலிருந்தே பணம் போட்டு ஒரு நிரந்தர நிவாரண நிதி தொடங்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1866 டிசம்பரில் யார்க்ஷயரின் ஓக்ஸ் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கிலாந்தின் சுரங்க விபத்துகளில் அதுதான் மிகப் பெரியது. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட குழிகள் இருந்தன. வாயு வெடித்தால் எத்தனை வழி இருந்து என்ன? எங்கள் தன்பாத் பக்கத்துச் சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்து 370 பேருக்கு மேல் போனார்கள். இந்தப் பக்கத்தில் வயதானவர்கள் இன்னமும் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு சட்டமும் போன சாவுக்குத்தான் பதில் சொல்கிறது, வரப்போவதற்கு அல்ல.

ஆனாலும் அந்தப் பதில் சின்ன விஷயம் இல்லை. வெள்ளைக்காரன் இங்கே நிலக்கரி தோண்டியபோது அவன் ஊர்ச் சட்டமும் பின்னாலேயே வந்தது, கொஞ்சம் தாமதமாக. 1901இல் இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம். விடுதலைக்குப் பிறகு நாமே எழுதிய 1957ஆம் வருடத்து நிலக்கரிச் சுரங்க விதிகளிலும் அந்த விஷயம் இருக்கிறது: தரைக்குக் கீழே வேலை நடந்தால் குறைந்தது இரண்டு வழி, இரண்டுக்கும் இடையே 13.5 மீட்டருக்குக் குறையாத தூரம். 2017இல் விதிகளைப் புதுப்பித்தபோதும் இரண்டு வழி என்பதை யாரும் எடுத்துவிடவில்லை. ஹார்ட்லியின் பத்தடிதான் வளர்ந்து தன்பாத்துக்கு வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இப்போது ஆழச் சுரங்கமே இல்லை. கடைசியாக இருந்த பெரிய சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. நிலக்கரியில் ஓடிய கடைசி மின்நிலையமும் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றுவிட்டது. நியூ ஹார்ட்லியில் அந்தக் குழியின் வாய் இருந்த இடத்தைச் சுற்றி இன்று ஒரு நினைவுத் தோட்டம் இருக்கிறது. அவர்கள் தோண்டி முடித்துவிட்டார்கள். இங்கே இன்னும் முடியவில்லை. காலை ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்களை என் ஜன்னலிலிருந்து தினம் பார்க்கிறேன்.

அன்றைக்குச் சுரங்கத்திலிருந்து மேலே வரும்போது நண்பர் இறங்கின சானக் வழியாக வரவில்லை. "விருந்தாளியைக் கூட்டி வந்தால் நான் இப்படித்தான்" என்று அந்த இரண்டாவது வழியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சரிவான பாதை, முட்டி வலிக்க வலிக்க நடந்தோம். நடுவில் மூச்சு வாங்கி நின்றபோது, கூண்டிலேயே வந்திருக்கலாமே என்று அலுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

வெளிச்சம் தெரிய ஆரம்பித்தபோது கை தானாக அந்தப் பாறைச் சுவரைத் தொட்டுக்கொண்டது. அப்போது எனக்கு ஹார்ட்லி ஒரு வெள்ளைக்காரரின் பெயர்தான். இப்போது வங்கியில் யாராவது 'இந்தச் செலவு தேவைதானா?' என்று கேட்டால், பென்சிலை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறேன்.